தொட்டுக் காட்ட வேண்டிய பாடம்

அந்தக் காலத்தில் கல்வி இலாகா அதிகாரிகளுக்குத் தென்காசிப் பள்ளிக்கூடங்களின் மேல் அக்கறை பொங்குவது ஆனி, ஆடி மாதங்களில்தான். பங்குனி வெயிலில் பிள்ளைகள் சுருண்டு விழுந்தாலும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். குற்றாலத்தில் சாரல் பிடித்து அருவி கொட்டத் தொடங்கியதும், எங்கள் பாட முறையில் என்னென்ன கோளாறு இருக்கிறதென்று அவர்களுக்கு வரிசையாக ஞாபகம் வந்துவிடும். காலையில் அருவியில் ஒரு குளியல். வயிறு நிறையப் பலகாரம். பிறகு குதிரை வண்டியில் தென்காசிக்கு வந்து எங்களைச் சோதிப்பார்கள். சாயங்காலம் மறுபடியும் அருவி. திரும்பிப் போகும்போது கூடை நிறைய மங்குஸ்தான். இதற்குச் சர்க்கார் பயணப்படி வேறு கொடுத்தது.

என்னைச் சோதிக்க வந்த அம்மாளும் அப்படி ஒரு சீசனில்தான் வந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. இத்தனை வருஷம் ஆன பிறகும் நினைத்தால் எனக்கு உடம்பு பதறுகிறது. வயசாகிவிட்டது, ரத்தக்கொதிப்பு வேறு, பழசையெல்லாம் கிளறாதே என்று வீட்டில் சொல்கிறார்கள். கிளறத்தான் போகிறேன்.

நான் அப்போது தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர். பாளையங்கோட்டையில் பயிற்சி முடித்து வந்தவள். எங்கள் தெரு ஊருக்கு வெளியே, வயலைத் தாண்டி இருந்தது. இவ்வளவு சொன்னாலே அந்தக் காலத்து ஆட்களுக்கு விளங்கிவிடும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக உடைத்தே சொல்கிறேன்: எங்களைத் தொட்டால் தீட்டு என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட ஒருத்தியை டீச்சராக வைத்தார்களே என்று யாரும் புல்லரிக்க வேண்டாம். மனம் மாறி வைக்கவில்லை. முன்பிருந்த டீச்சர் கல்யாணம் முடிந்து கொழும்புக்குப் போய்விட்டார். ஆங்கிலம் தெரிந்த, பயிற்சி பெற்ற பெண் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் கிடைக்கவில்லை. ஆங்கிலத்துக்கு ஆள் இல்லையென்றால் சர்க்கார் மானியம் நின்றுவிடும். பள்ளிக்கூடத்தை நடத்திய பண்ணையாரை நாங்கள் மேனேஜர் என்போம். அவர் மானியத்தையும் தீட்டையும் யோசித்துப் பார்த்திருக்கிறார். மானியம் பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

வேலையில் சேர்ந்த அன்றைக்கே தலைமை ஆசிரியை என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்திவைத்துச் சட்டதிட்டம் சொன்னார். அவரைப் பெரிய டீச்சர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம்.

"இங்க பாரு ஏட்டி. பாடம் நடத்து, அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. பிள்ளைய மேல கை படக் கூடாது. சிலேட்டத் திருத்தணும்னா தரையில வைக்கச் சொல்லு, பெறவு நீ எடு. எவளாவது வீட்ல போய்ச் சொல்லிட்டான்னா நான்தான் பதில் சொல்லணும், கேட்டியா?"

"சின்னப் பிள்ளைய டீச்சர். எழுதக் கையைப் பிடிச்சுக் காட்டணும்னா?"

"அதான் மேப்பு காட்டுத குச்சி அவ்வளவு நீளத்துக்குக் கிடக்குல்லா? அத வச்சுக் காட்டு."

அந்தக் குச்சி நல்ல மூங்கில். தேசப்படத்தில் இமயமலையைக் காட்ட வாங்கியது. அன்றிலிருந்து என் வகுப்புக்கு வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் "வாங்க, போங்க". என்னை மட்டும் "ஏட்டி". என்னைவிட வயசில் சின்னவள் ஒருத்தி, தையல் டீச்சர், அவளும் "ஏட்டி". நான் அறைக்கு வெளியே நிற்பது தெரியாமல் "அது வந்தாச்சா?" என்று உள்ளே கேட்பார்கள். அது என்றால் நான்தான். மாட்டைக் கேட்பது போலத்தான் கேட்டார்கள். மாட்டையாவது தொட்டுக் கும்பிடுவார்கள்.

இதனால்தானோ என்னவோ, ஆங்கிலத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பாடம் பிரதிப்பெயர்கள். ஐ, யூ, ஹி, ஷி, தே. ஒரு ஆளின் பெயருக்குப் பதிலாக வருகிற இந்தச் சின்னச் சொற்களைப் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? கலெக்டருக்கும் யூ, கலெக்டரின் குதிரைக்காரனுக்கும் யூ. மேனேஜர் வீட்டு அம்மாளும் ஷி, என் அம்மாவும் ஷி. நான் என்று எழுதும்போது மட்டும், வாக்கியத்தின் நடுவில் வந்தாலும் பெரிய எழுத்து. வெள்ளைக்காரன் ஊரை ஆள வந்தவன், அவன் யோக்கியதை எனக்குத் தெரியும். ஆனால் அவன் பாஷையில் இந்த ஒரு காரியம் உருப்படியாக இருந்தது.

என் அம்மா மேனேஜர் வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். பண்ணை வீட்டு வாசலில் நின்று அவள் "நான்" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. "வந்திருக்கு சாமி", "வாசல்ல நிக்குது சாமி" என்பாள். தன்னையே யாரோ போலச் சொல்லுவாள். வீட்டுக்கு வந்தால் அதே அம்மா "நான் சொல்லுதேன், நீ கேளு" என்று என்னை உலுக்கி எடுப்பாள். வாய் இல்லாதவள் அல்ல. அந்த வாசலுக்கு என்று ஒரு பேச்சு பழக்கியிருந்தார்கள், அதைப் பேசினாள்.

அம்மாவுக்கு அப்போதே இடுப்பு விட்டுப்போயிருந்தது. நடவு முடிந்து வந்தால் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவாள். கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். அப்பா இல்லை. என் வேலை நிரந்தரமாகிவிட்டால், இனி வயலுக்கு வர மாட்டேன் என்று அம்மா பண்ணையில் சொல்லிவிடலாம். நிரந்தரமாகாதவரை சொல்ல முடியாது. இன்றைக்கு வர மாட்டேன் என்று சொன்னவள் நாளைக்கு என் வேலை போய்த் திரும்பி வந்து நின்றால், வயலில் கால் வைக்க விட மாட்டார்கள். ஆகவே வீட்டில் எங்கள் பேச்சு முழுக்க அதைப் பற்றியே இருந்தது. இன்ஸ்பெக்டர் அம்மாள் வருவார், என் பாடத்தைப் பார்ப்பார், நல்லதாக எழுதுவார், நான் நிரந்தரமாவேன், அம்மா கரையேறுவாள்.

பாடம் என்னவென்று சொல்கிறேன். டைரக்ட் மெதட் என்று அப்போது ஒரு முறை வந்திருந்தது. தமிழே பேசாமல், செய்து காட்டி ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது. பிரதிப்பெயருக்கு அந்தப் புத்தகத்தில் சொன்ன வழி இதுதான்: டீச்சர் தன் நெஞ்சைத் தொட்டு ஐ என்று சொல்ல வேண்டும். எதிரே இருக்கிற பிள்ளையின் தோளைத் தொட்டு யூ என்று சொல்ல வேண்டும். தள்ளி நிற்கிறவளைக் காட்டி ஷி என்று சொல்ல வேண்டும். பிறகு ஏதாவது ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, நான் என்ன செய்தேன், அவள் என்ன செய்தாள் என்று கேட்க, பிள்ளைகள் முழு வாக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும். தொடு, தொடு என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தது. எழுதியவர் சீமையில் இருந்துகொண்டு எழுதியிருக்கிறார். தென்காசியில் தோள்களுக்குள்ள வித்தியாசம் அவருக்கு எப்படித் தெரியும்?

நான் குச்சியை எடுத்துக்கொண்டேன். ஐ என்று என் நெஞ்சைத் தொட்டேன், அதற்கு யாரும் தடை சொல்ல முடியாது. யூ என்று குச்சியை நீட்டினேன். குச்சியின் நுனிகூடப் பிள்ளை மேல் படாமல் பார்த்துக்கொண்டேன். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். ஷி வரும் இடம் எது, ஹெர் வரும் இடம் எது, ஐ எங்கே, மீ எங்கே என்று பேச்சில் மட்டுமல்ல, எழுத்திலும் தப்பில்லாமல் பழகிவிட்டார்கள். தேர்ந்த குமாஸ்தாக்கள் தடுமாறுகிற இடத்தில் அவர்கள் தடுமாறவில்லை. ரெண்டு ஆண்களைப் பற்றி எழுதும்போது ஹி, ஹி என்று மாற்றி மாற்றிப் போட்டு யார் யாரென்று தெரியாமல் குழப்பக் கூடாது, அந்த இடத்தில் பெயரையே எழுது என்று சொல்லிக்கொடுத்தேன். அதையும் பிடித்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போதும் பெருமைதான்.

சாரல் பிடித்தது. இன்ஸ்பெக்டர் அம்மாள் குற்றாலத்தில் பங்களாவில் இறங்கியிருப்பதாகத் தகவல் வந்தது. தமிழ்ப் பெண்மணிதான். சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர் என்றார்கள். ஆறாம் வகுப்பில் டைரக்ட் மெதட்டில் பிரதிப்பெயர் பாடம் பார்க்க வேண்டும் என்று அவரே சொல்லி அனுப்பியிருந்தார். பெரிய டீச்சரிடம் ஓடினேன்.

"டீச்சர், இந்தப் பாடத்துக்குப் பிள்ளைகளைத் தொடணும். புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. நாளைக்குத் தொடலாமா?"

"தொட்டுராதே. தொட்டேன்னா மேனேஜர் உன்னய அன்னைக்கே நிறுத்திருவாக. பாதிப் பிள்ளைய மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வராது."

"தொடாம நடத்தினா அந்த அம்மா எனக்குக் குறைச்சுப் போட்டிருவாகளே."

"அது உன் சமர்த்து. எங்கிட்டயா கேக்குதே?"

தொட்டாலும் வேலை போகும், தொடாவிட்டாலும் போகும். இதை எனக்குச் சொல்லிவிட்டு அவர் சாவகாசமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். மேனேஜரிடமே போய்க் கேட்கலாமென்றால் அதுவும் முடியாது. மேனேஜர் முன்னால் நான் நிற்கிற தூரத்திலிருந்து பேசினால் அவருக்குக் காதில் விழாது.

மறுநாள் அந்த அம்மாள் வந்தார். வெள்ளைப் புடவை, கண்ணாடி, தலைமுடி இன்னும் சரியாகக் காயவில்லை. நல்ல மாதிரியாகத்தான் பேசினார். வந்ததும் எல்லா டீச்சர்களையும் கூட்டி வைத்துக்கொண்டு, குழந்தைகளை அடிக்கக் கூடாது, பயமுறுத்தக் கூடாது, தொட்டு அணைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஆசிரியையின் கை பட்டால்தான் குழந்தைக்குப் பாடம் மனதில் படியும் என்று பேசினார். நான் பின்னால் தனியாக நின்று கேட்டேன். என் மனசு அப்படியே இளகிவிட்டது. இவர் நம்மைப் புரிந்துகொள்வார் என்று நம்பினேன். முட்டாள்தனம்தான். ஆனால் அப்படி நம்பும்படிதான் அவர் பேசினார்.

வகுப்புக்கு வந்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் பெரிய டீச்சர். நான் பாடத்தைத் தொடங்கினேன். நெஞ்சைத் தொட்டு ஐ. குச்சியை நீட்டி யூ. தூரத்தில் காட்டி ஷி. பிள்ளைகள் கணீரென்று சொன்னார்கள். ஜன்னலைத் திறந்தேன், நான் என்ன செய்தேன் என்று கேட்டேன். ஒருத்தியைப் பூவைக் கொண்டுபோய் இன்னொருத்தியிடம் கொடுக்கச் சொன்னேன், அவள் என்ன செய்தாள், யாரிடம் கொடுத்தாள் என்று கேட்டேன். ஒரு தப்பு இல்லை. அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டு என்னவோ குறித்துக்கொண்டார்.

பிறகு அவர் எழுந்து நடுவில் வந்து நின்றார். முன் வரிசையில் இருந்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டார். ரத வீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் மகள், துறுதுறுவென்று இருப்பாள். "என்னைப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்லு, யூ என்று தொடங்கு" என்றார் அந்த அம்மாள்.

அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாளையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். தெரியாதா என்று அவர் அன்பாகக் கேட்டார். தெரியும் என்று தலையாட்டினாள். அப்புறம் என்ன என்றார். பிள்ளை என் பக்கம் திரும்பிக் கையை நீட்டியது.

"டீச்சர், குச்சியக் கீழ வைங்க. குச்சி இல்லாம எப்படிச் சொல்லுதது?"

நான் தரையில் வைத்தேன். அவள் எடுத்துக்கொண்டாள். அவள் உயரத்துக்கு இரண்டு பங்கு இருந்த குச்சியைத் தூக்கி, அந்த அம்மாளின் மார்புக்கு நேரே நீட்டிக்கொண்டு, "யூ ஆர் அவர் இன்ஸ்பெக்டிரஸ்" என்று ராகம் போட்டுச் சொன்னாள். நீங்கள் எங்கள் இன்ஸ்பெக்டர் என்று சுத்தமான வாக்கியம்.

யூ என்று சொல்ல வேண்டுமானால் கையில் ஒரு குச்சி வேண்டும் என்று அந்தப் பிள்ளைகள் நம்பியிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் வீட்டிலெல்லாம் ஆளுக்கொரு குச்சி வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. அவர்களுக்கு ஒரு பாஷையையே நான் எட்டி நின்று கற்றுக்கொடுத்திருக்கிறேன், எட்டி நிற்பதும் அந்தப் பாஷையில் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

அந்த அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "இது என்ன பழக்கம்? குழந்தை கையில் கம்பு எதற்கு?" என்று பெரிய டீச்சரைக் கேட்டார்.

பெரிய டீச்சர் கண்ணை இமைக்காமல் சொன்னார். "நான் எவ்வளவோ சொல்லியாச்சும்மா. இவதான் கேக்க மாட்டேங்கா. எந்நேரமும் குச்சியும் கையுமா நிக்குதா."

கேட்டீர்களா? குச்சியைக் கொடுத்தவர் அவர். தொடாதே என்றவர் அவர். முந்தின நாள் நான் கெஞ்சிக் கேட்டதும் அவரிடம்தான். என் நாக்கில் ஆயிரம் வார்த்தை வந்தது. ஆனால் அந்த அம்மாள் அதற்குள் தன் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு என் பக்கம் திரும்பிவிட்டார்.

"கம்பை வைத்துவிட்டு நடத்துங்கள். புத்தகத்தில் எப்படிச் சொல்லியிருக்கிறதோ அப்படி. தொட்டுச் சொன்னால்தானே அது பாடம்."

அவருக்கு நான் யாரென்று தெரியும். வந்ததுமே பெரிய டீச்சர் காதில் ஓதியிருப்பார். ஓதாவிட்டாலும் இலாகாக் காகிதத்தில் சாதி எழுதித்தான் இருக்கும். தெரிந்துதான் சொன்னார். ஆகவே அவர் துணிச்சல்காரர் என்றே எனக்குத் தோன்றியது.

நான் முன் வரிசையைப் பார்த்தேன். குச்சியை வைத்திருந்த பிள்ளை என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். இவளைத் தொட்டால் இவள் வீட்டுக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். உடுப்பை நனைத்துப் போட வேண்டும். முதுகில் நாலு அடியும் விழலாம். என் வேலைக்காக இந்தப் பிள்ளை ஏன் அடி வாங்க வேண்டும்? அவள் என்ன பாவம் செய்தாள்? அந்த அறையில் தொடுவதில் நம்பிக்கை உள்ளவராகத் தன்னைச் சொல்லிக்கொண்டவர் ஒருவர்தான் இருந்தார்.

நான் நேரே அந்த அம்மாளிடம் போனேன். என் நெஞ்சைத் தொட்டு, "ஐ ஆம் எ டீச்சர்" என்றேன். கையை நீட்டி அவர் தோளைத் தொட்டு, "யூ ஆர்..." என்றேன்.

வாக்கியம் முடியவில்லை. அவர் பின்னால் நகர்ந்துவிட்டார். ஒரு அடிதான். சூடு பட்டதுபோல வெடுக்கென்று நகர்ந்தார். அவர் இடித்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. பெரிய டீச்சர் "ஐயோ" என்றார்.

அந்த அம்மாள் உடனே சமாளித்துக்கொண்டு, புடவையைச் சரி செய்துகொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார். "சரி, சரி. நீங்கள் கம்பையே உபயோகித்துக்கொள்ளலாம்."

அந்த ஊரில் பிள்ளைகளைத் தவிர என்னை முதன்முதலாக நீங்கள் என்று சொன்னவர் அவர்தான். அதை இப்படியா கேட்க வேண்டும்?

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பாடம் இன்னும் முடியவில்லையே, மணியடிக்கவில்லையே. டைரக்ட் மெதட்டில் ஒரு காரியம் நடந்தால் அதைக் கேள்வியாகக் கேட்க வேண்டும். நான் வகுப்பின் பக்கம் திரும்பினேன்.

"வாட் டிட் ஐ டூ?"

நான் என்ன செய்தேன்? தினமும் கேட்கிற கேள்வி. பிள்ளைகளுக்குச் சூது தெரியாது. மொத்தமாக, உற்சாகமாகக் கத்தினார்கள். "யூ டச்டு ஹெர், டீச்சர்!"

"வாட் டிட் ஷி டூ?"

"ஷி மூவ்டு பேக்!"

நீங்கள் அவரைத் தொட்டீர்கள். அவர் பின்னால் நகர்ந்தார். ஷி எங்கே வர வேண்டுமோ அங்கே ஷி, ஹெர் எங்கே வர வேண்டுமோ அங்கே ஹெர். சீமையில் படித்தவர் வந்து கேட்டாலும் குறை சொல்ல முடியாது. கேட்டுக்கொண்டுதான் நின்றார். குறை சொல்லவில்லை. குறிப்பேட்டை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்று சாயங்காலமும் அவர் அருவிக்குப் போனதாக வண்டிக்காரர் சொன்னார். சீசன் குளியலா, தலைமுழுக்கா, எனக்குத் தெரியாது.

சில நாளில் அறிக்கை வந்தது. பெரிய டீச்சர் அதை எனக்குப் படித்துக் காட்டினார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பிரதிப்பெயர்களைப் பிழையின்றிக் கையாளுகிறார்கள், பாராட்டத்தக்கது. ஆசிரியைக்கு அதிகாரிகளிடம் நடந்துகொள்ளும் முறை தெரியவில்லை. அவர் எழுத்து மூலம் வருத்தம் தெரிவித்தால் நிரந்தரம் செய்வதற்கு ஆட்சேபணை இல்லை. இதுதான் சாரம்.

எதற்கு வருத்தம்? தொடு என்றார், தொட்டேன். நான் பிள்ளையைத் தொட்டிருந்தால் பேச்சில்லை, அவருக்கு அது முற்போக்கு. அவரைத் தொட்டதுதான் முறைகேடு. அடுத்தவர் வீட்டுப் பிள்ளை தோளில் என் கை படலாம், அவர் தோளில் படக் கூடாது. இவ்வளவு படித்தவருக்கு இதைச் சொல்ல வெட்கமாக இல்லையா? அந்த அம்மாளைவிட எங்கள் பெரிய டீச்சரே மேல் என்று தோன்றியது. பெரிய டீச்சர் என் முகத்துக்கு நேரே தொடாதே என்று சொன்னார். கூட்டத்தில் அணைப்பதாகப் பேசிவிட்டு, நான் கிட்டே போனதும் பின்னால் நகரவில்லை.

"எழுதிக் குடுத்துரு ஏட்டி," என்றார் பெரிய டீச்சர். "பணிவுள்ள ஊழியை மன்னிப்புக் கோருகிறாள்னு எழுது. நான்னு எழுதாதே. அது திமிரா இருக்கும்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா முதலில் என்னைத்தான் ஏசினாள்.

"கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலையாட்டி ஒனக்கு? எழுதிக் குடேன். ஒரு கடுதாசிதான? நான் பண்ணை வாசல்ல எத்தன தடவ கும்பிட்டிருக்கேன், எனக்கென்ன கொறஞ்சு போச்சு?"

என்ன குறைந்துபோனது என்று அவளுக்குத் தெரியும். அதை நான் சொல்லிக் காட்டவில்லை. அவள் காலில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவள் இடுப்பையும் பார்த்தேன், சேற்றுப்புண்ணையும் பார்த்தேன். எழுதிவிடுவது என்றுதான் முடிவு செய்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பணிவுள்ள ஊழியை என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். மேலே ஓடவில்லை. யார் அந்தப் பணிவுள்ள ஊழியை? அவள் என்ன செய்தாள் என்று எழுதுவது? செய்தவள் நானாயிற்றே. அடித்துவிட்டு வேறு காகிதம் எடுத்தேன். ஐ என்று பெரிய எழுத்தில் தொடங்கினேன். நான் அவரைத் தொட்டேன். அவர் பின்னால் நகர்ந்தார். பிள்ளைகள் சொன்னதைத்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பெரிய டீச்சர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல மன்னிப்பு எங்கன இருக்கு?"

"அதத்தான் டீச்சர் நானும் தேடுதேன். கிடைக்கல."

அந்த மாதக் கடைசியோடு என்னை நிறுத்திவிட்டார்கள். பிறகு ஆலங்குளம் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அதுவும் தற்காலிகம்தான். வருஷா வருஷம் வைப்பார்களா மாட்டார்களா என்று காத்திருப்பேன். அந்த வேலையை நம்பி அம்மா பண்ணையில் எதையும் சொல்ல முடியாது.

நிறுத்தப்பட்ட அன்று நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றாள். அவளுக்குச் செய்தி வந்துவிட்டிருந்தது.

"மன்னிப்புன்னு எழுதலியா?"

"இல்லம்மா."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"நீ செஞ்சதுல தப்பில்லட்டி. யாரும் தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா எனக்கு இடுப்பு நோவுது."

விடிந்ததும் மேனேஜர் வயலில் நாற்றுப் பிடுங்கப் போனாள். அந்த வருஷம் போனாள், அதற்கடுத்த வருஷம் போனாள், சாகிற வருஷத்து நடவுக்கும் போனாள். அந்த அம்மாள் பின்னால் வைத்தது ஒரே ஒரு அடி. என் அம்மா சாகிறவரை சேற்றில் நின்றாள்.